பம்பர் சீட்டும் ஸ்லாட் ஜாக்பாட்டும்: "நூத்துக்கு நாலு" எத்தனை நேரத்துக்கு?

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ "நூத்துக்கு ரெண்டு" என்று யாராவது பேச்சை எடுத்தால், கேட்பவரிடமிருந்து வரும் முதல் கேள்வி "மாசத்துக்கா, வருஷத்துக்கா?" என்பதுதான். பர்மா, மலாயா, இலங்கை என்று கடை வைத்துப் பேரேடு எழுதிய மண் இது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில்தான் தொடங்கப்பட்டது. சதவீதத்தைச் சொன்னால் கூடவே காலத்தையும் சொல்லியாக வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் பெட்டிக்கடை வரைக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால் கைப்பேசியில் ஸ்லாட் ஆட்டம் (காசு கட்டிச் சக்கரங்களைச் சுற்றவிட்டு, ஒரே சின்னம் வரிசையாக நின்றால் பரிசு தரும் சூதாட்டம்) "போட்டதில் 96 சதவீதம் திரும்பக் கிடைக்கும்" என்று விளம்பரம் செய்யும்போது, மிச்சம் இருக்கும் நாலு சதவீதம் எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை போகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் லாட்டரியையும் ஸ்லாட்டையும் ஒப்பிடவே முடியாது. "எதில் விழ வாய்ப்பு அதிகம்?" என்று மட்டும் கேட்டால் வருகிற பதில் ஆளைத் தவறான பக்கம் தள்ளிவிடும்.

முதலில் லாட்டரி. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரி விற்பனைக்குத் தடை. 1968-ல் அரசே "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று சொல்லி விற்ற சீட்டு அதோடு போனது. இன்று நம் பக்கத்து ஆட்கள் வாங்குவது பெரும்பாலும் கேரளச் சீட்டு. சபரிமலைக்குப் போய்விட்டுக் குமுளி வழியாகவோ ஆரியங்காவு வழியாகவோ திரும்பும்போது வாங்கி வருவார்கள். அங்கே போய் அங்கீகாரம் பெற்ற கடையில் காசு கொடுத்து வாங்குவதில் சிக்கல் இல்லை. அதை இங்கே கொண்டுவந்து விற்பதுதான் குற்றம்.

ஓணத்தையொட்டிக் கேரள அரசு விற்கும் பெரிய பரிசுச் சீட்டான திருவோணம் பம்பரையே எடுத்துக்கொள்வோம். சீட்டு ₹500, முதல் பரிசு ₹25 கோடி. பத்து வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் 1,00,000 முதல் 9,99,999 வரை 9 லட்சம் எண்கள். அத்தனையும் அச்சாகி விற்றால் 90 லட்சம் சீட்டு. 2023-ல் விற்றது 75 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஆக முதல் பரிசுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 75 லட்சத்தில் ஒன்று. அந்த ஆண்டு முதல் பரிசு தமிழ்நாட்டைச் சேர்ந்த நாலு பேர் கூட்டாக வாங்கிய சீட்டுக்கு விழுந்தது என்பதால், அதற்கடுத்த வருஷங்களில் நம் பக்கம் ஆர்வம் கூடியது. எல்லை தாண்டி வாங்கியதால் வாய்ப்பு ஒரு துளியும் கூடாது. விற்ற சீட்டு ஒவ்வொன்றுக்கும் அதே 75 லட்சத்தில் ஒன்றுதான்.

இப்போது அந்த ₹500-ஐப் பிரித்துப் பார்ப்போம். ₹25 கோடியை 75 லட்சம் சீட்டுக்குப் பகிர்ந்தால் ஒரு சீட்டுக்கு ₹33. முதல் பரிசுக் கனவுக்காக நாம் கொடுக்கும் ₹500-ல் அந்தக் கனவின் கணக்குப்படியான மதிப்பு அவ்வளவுதான். இரண்டாம் பரிசு ₹1 கோடி வீதம் 20 பேருக்கு. அது ஒரு சீட்டுக்கு ₹27 மாதிரி. 2023-ல் அறிவித்த மொத்தப் பரிசு ஏறத்தாழ ₹125 கோடி. எல்லாவற்றையும் கூட்டினாலும் சீட்டுக்கு ₹167 தாண்டாது. நூறு ரூபாய் போட்டால் சராசரியாக முப்பத்து மூன்று ரூபாய் திரும்புகிறது. மீதி ஜி.எஸ்.டி., ஏஜெண்ட் கமிஷன், அச்சுச் செலவு, அரசின் லாபம்.

விழுந்த பிறகும் முழுத் தொகை கைக்கு வராது. ₹25 கோடியில் 10 சதவீதம், அதாவது ₹2.5 கோடி, விற்ற ஏஜெண்டின் கமிஷனாகக் கழியும். மீதி ₹22.5 கோடிக்கு 30 சதவீத வருமான வரி, ₹6.75 கோடி, பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். வங்கிக் கணக்கில் ₹15.75 கோடி வந்ததும் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துச் செலவில் இறங்குகிறார்கள். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த வரியின் மேல் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி உண்டு. பழைய வரிமுறையில் 37 சதவீதம், புதியதில் 25 சதவீதம். அதற்கும் மேல் 4 சதவீத செஸ். இவை பிடித்தம் செய்யப்படாமல் கைக்கு வந்திருந்தால் நாமாகவே கட்ட வேண்டும். எல்லாம் போக நிற்பது பழைய முறையில் ₹12.88 கோடி, புதிய முறையில் ₹13.72 கோடி. முன்னே சொன்ன ₹33 இப்போது ₹17 அல்லது ₹18 ஆகிவிட்டது.

உலகத்தின் பெரிய லாட்டரிகளோடு வைத்துப் பார்த்தால் கேரளத்தின் 75 லட்சத்தில் ஒன்று தாராளம்தான். 49 எண்ணில் 6 எண் சரியாகச் சொல்லும் லாட்டரியில் 1,39,83,816-ல் ஒன்று. அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியில், 69 பந்தில் ஐந்தும் 26-ல் ஒன்றும் பொருந்த வேண்டும் என்பதால், 29,22,01,338-ல் ஒன்று.

இனி ஸ்லாட். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் லாட்டரியில் எண்ணிக்கை வெளியே தெரியும், ஸ்லாட்டில் அது உள்ளே ஒளிந்திருக்கிறது.

பழைய ஸ்லாட் மிஷினில் மூன்று சக்கரங்கள் நிஜமாகவே சுற்றின. ஒரு சக்கரத்தில் 22 நிறுத்தங்கள் என்றால் மூன்றுக்கும் 22 × 22 × 22, அதாவது 10,648 விதமாக நிற்கலாம். ஜாக்பாட் சின்னம் சக்கரத்துக்கு ஒன்று என்றால் 10,648-ல் ஒன்று. கண்ணால் பார்த்தே யூகிக்கலாம். 1984-ல் இங்கே டெல்னஸ் என்பவருக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. அதோடு இந்தக் கணக்கே மாறிப்போனது. எங்கே நிற்பது என்பதை இனிச் சக்கரம் தீர்மானிக்காது. உள்ளே இருக்கும் ரேண்டம் எண் நிரல், அதாவது குலுக்கிப் போட்டதுபோல் எண் எடுக்கும் கம்ப்யூட்டர் நிரல், முதலில் ஒரு எண்ணை எடுக்கும். சக்கரம் அந்த முடிவைக் காட்டும் பொம்மை மட்டும். வெளியே 22 நிறுத்தம் தெரிந்தாலும் உள்ளே 64 எண்கள் வைக்கலாம். 64-ல் ஒரே ஒரு எண்ணை மட்டும் ஜாக்பாட் சின்னத்துக்கு ஒதுக்கினால் வாய்ப்பு 64 × 64 × 64, அதாவது 2,62,144-ல் ஒன்று. கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தைவிட 24 மடங்குக்கும் மேல் கஷ்டம். ஆடுகிறவர் கண்ணுக்கோ அதே பழைய சக்கரம்.

மீதி 63 எண்கள் எங்கே போகின்றன என்பதையும் பாருங்கள். ஜாக்பாட் சின்னத்துக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் இருக்கும் வெற்று இடங்களுக்கு ஆளுக்கு ஐந்து எண் கொடுத்துவிட்டால், சின்னம் கோட்டில் ஒரு தடவை நிற்பதற்குள் கோட்டை ஒட்டி மேலோ கீழோ பத்துத் தடவை நிற்கும். டீக்கடைப் பெஞ்சில் கேட்கும் பேச்சு இதுதான்: "அண்ணே, ரெண்டு ஏழு வந்து நின்னுருச்சு, மூணாவது ஒரு இம்மி தள்ளி நின்னுச்சு. இன்னிக்கு ராத்திரி விழாம போகாது." அந்த இம்மியை வடிவமைத்தவர் அங்கே வேண்டுமென்றே வைத்தார். ஒரு இம்மி தள்ளி நின்றதற்கும் ஒரு முழம் தள்ளி நின்றதற்கும் அடுத்த சுற்றில் எந்த வித்தியாசமும் கிடையாது. எண் ஏற்கெனவே எடுத்து முடிந்துவிட்டது.

கைப்பேசி ஸ்லாட்டில் நிஜச் சக்கரமே இல்லை என்பதால் நிறுத்தம் எத்தனை என்பது முழுக்க முழுக்க நிரல் எழுதுபவர் கையில். சில ஆட்டங்களில் ஜாக்பாட் சக்கரத்திலேயே இருக்காது. தற்செயலாக வேறொரு போனஸ் சுற்றுத் திறந்து, அங்கே ஒரு பெரிய சக்கரம் சுற்றி, அதில் மினி, மைனர், மேஜர், மெகா என்று நாலு மட்டம் இருக்கும். திரையில் மெகாவுக்கு ஒரு கீற்று தெரிந்தாலும் அது இருபதில் ஒன்று என்று அர்த்தமில்லை. கீற்றின் அகலத்துக்கும் வாய்ப்புக்கும் சம்பந்தம் இருந்தாக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

அப்படியானால் பெரிய ஸ்லாட் ஜாக்பாட்டின் வாய்ப்பு என்ன? பெரும்பாலான நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. லாஸ் வேகாஸின் மெகாபக்ஸ் மிஷினுக்குக் கணக்கர்கள் சொல்லும் மதிப்பீடு 4,98,36,032-ல் ஒன்று, அதாவது ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒன்று. அதில் 2003 மார்ச்சில் 3.97 கோடி டாலர் ஒருவருக்கு விழுந்தது. ஆன்லைனில் மெகா மூலா என்ற ஸ்லாட்டில் 2015 அக்டோபர் 6-ல் பிரிட்டன் ராணுவ வீரர் ஒருவருக்கு 1.32 கோடி பவுண்ட் விழுந்தது. அந்தச் சுற்றுக்கு அவர் கட்டியது 25 பென்ஸ். விளம்பரங்கள் இந்த 25 பென்ஸைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். அதே ஆட்டத்தில் அதே நாளில் சுற்றிய மற்ற லட்சக்கணக்கான சுற்றுகளை யாரும் சொல்வதில்லை.

ஆக ஒரு சுற்றுக்கு ஒரு சீட்டு என்று வைத்தால், ஐந்து கோடியில் ஒன்று என்பது திருவோணம் பம்பரைவிட ஆறேழு மடங்கு மோசம், பவர்பாலைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நல்லது. இதோடு நிறுத்துகிற கட்டுரைகள் உண்டு. அவை முக்கியமான பாதியை விட்டுவிடுகின்றன.

அந்த நாலு சதவீதத்துக்கு வருவோம். கைப்பேசியில் ஒரு சுற்று முடிய ஆறு விநாடி என்று வைத்தால் மணிக்கு 600 சுற்று. சுற்றுக்கு ₹10. ஒரு மணி நேரத்தில் பந்தயமாகப் போன மொத்தம் ₹6,000. அதில் நாலு சதவீதம் ₹240. மாதத்துக்கு நூற்றுக்கு ரெண்டு என்றாலே கந்துவட்டி என்று முகம் சுளிக்கிறோம். இங்கே ஆறு விநாடிக்கு நூற்றுக்கு நாலு போகிறது. கையில் ₹1,000 மட்டும் இருந்தாலும் விழுந்ததைத் திரும்பத் திரும்பப் போடுவதால், அது சராசரியாக ₹25,000 அளவுக்குச் சுழன்ற பிறகே தீரும். 2,500 சுற்று, நாலு மணி நேரத்துக்குச் சற்றே மேல். ஆடுகிறவருக்கு "நாலு மணி நேரம் ஓட்டிட்டேன், நல்ல கேம்" என்று தோன்றும். ஓடியது அந்த ₹1,000 தான்.

ஜாக்பாட் உள்ள ஸ்லாட்டில் நிலைமை இன்னும் மோசம். மெகா மூலாவில் அடிப்படை ஆட்டத்தில் திரும்புவது சுமார் 88 சதவீதம். ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு பங்கு ஜாக்பாட் தொட்டிக்குப் போகிறது. மொத்தம் 93 சதவீதம் என்று ஒரு ஆட்டம் சொல்லி, அதில் 5 சதவீதம் ஜாக்பாட்டுக்கு என்றால், ஜாக்பாட் விழாத எல்லோருக்கும் அது 88 சதவீத ஆட்டம்தான். அப்போது மணிக்கு ₹240 அல்ல, ₹720 போகும்.

இப்போது நேருக்கு நேர் வைத்துப் பாருங்கள். ஒருவர் ஆண்டுக்கு ஒரு திருவோணம் சீட்டு வாங்குகிறார், அறுபது ஆண்டுக்கு. மொத்தச் செலவு ₹30,000. அவருக்கு வாழ்நாளில் முதல் பரிசு விழ வாய்ப்பு 1,25,000-ல் ஒன்று. இன்னொருவர் தினமும் நாலு மணி நேரம் ₹10 ஸ்லாட் ஆடுகிறார். ஆண்டுக்கு 8,76,000 சுற்று. ஐந்து கோடியில் ஒன்று என்றால் அத்தனை சுற்றையும் சுற்றி முடிக்க 57 ஆண்டுகள் ஆகும். அப்படி 57 ஆண்டு ஆடிய பிறகும் ஒரு தடவைகூட விழாமல் போக 37 சதவீதம் இடமுண்டு. இதற்கு ஆண்டுக்குப் பந்தயமாகச் சுழலும் தொகை ₹87.6 லட்சம், 12 சதவீதம் வீதம் கரைவது ₹10.5 லட்சம். ஜாக்பாட் விழும் வாய்ப்பு இரண்டாமவருக்கு எவ்வளவோ அதிகம் என்பது நிஜம். வீடு காலியான பிறகு அந்த அதிகத்தை வைத்து என்ன செய்ய?

லாட்டரி ரூபாய்க்கு ரூபாய் பார்த்தால் படுமோசமான பேரம்: நூறுக்கு முப்பத்து மூன்று. ஸ்லாட் ரூபாய்க்கு ரூபாய் தாராளம்: நூறுக்கு 88 முதல் 96 வரை. ஆனாலும் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துவது தாராளமானதுதான், காரணம் வேகம். பிரிட்டனில் இதை உணர்ந்து 2021 அக்டோபரிலிருந்து ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு சுற்றுக்குக் குறைந்தது 2.5 விநாடி ஆக வேண்டும், தானாகச் சுற்றும் வசதி கூடாது என்று விதி வைத்தார்கள். 2025-ல் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 5 பவுண்ட், 25 வயதுக்குக் கீழ் 2 பவுண்ட் என்றும் கட்டினார்கள். வாய்ப்பு விகிதத்தைத் தொடாமல் வேகத்தையும் தொகையையும் மட்டும் பிடித்தார்கள். சரியான இடத்தில்தான் கை வைத்தார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே நம் ஊர்களை அரிப்பது மூணு நம்பர். கேரளக் குலுக்கல் திருவனந்தபுரம் கோர்க்கி பவனில் மதியம் மூன்று மணிக்கு நடக்கும். அதன் முடிவின் கடைசி மூன்று இலக்கத்தின் மேல் இங்கே துண்டுச்சீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் காசு கட்டுகிறார்கள். அரசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ₹10 கட்டினால் ₹10,000 கொடுத்தால்தான் சமம். ₹5,000 தருகிறேன் என்று ஏஜெண்ட் பேசினால் பாதி அவருக்கு. தினக்கூலி வாங்குகிறவர் தினமும் கட்டுவதால் இதுவும் லாட்டரி உடையில் வந்த ஸ்லாட்தான். ஆயிரம் நாள் ஒரே எண்ணைப் பிடித்தாலும் விழாமல் போக இங்கேயும் அதே 37 சதவீதம். "மூணு மாசமா இந்த நம்பர் வரல, அதனால வரும்" என்பதற்கு அடிப்படையே இல்லை. குலுக்கல் மிஷினுக்கு நேற்று என்ன வந்தது என்று தெரியாது.

ஸ்லாட்டில் நஷ்டம் தெரியாமல் போவதற்கு இன்னும் சில காரணங்கள். சின்னங்கள் வரிசையாக நின்றால் பரிசு தரும் கோடுகள் திரையில் 20 இருக்கும். கோட்டுக்கு ₹1 வீதம் ₹20 கட்டுகிறீர்கள், ₹8 விழுகிறது. திரை மின்னுகிறது, இசை வருகிறது, நாணயம் கொட்டுகிறது. ₹12 நஷ்டத்துக்கு நடந்த கொண்டாட்டம் அது. அடுத்தது போனஸ். "₹1,000 கட்டினால் ₹1,000 இலவசம், 35 மடங்கு ஆட வேண்டும்" என்பார்கள். ₹35,000-க்குப் பந்தயம் கட்டி முடித்தால்தான் பணத்தை எடுக்க முடியும். அதில் நாலு சதவீதம் ₹1,400. இலவசமாகக் கொடுத்ததைவிட ₹400 அதிகமாக வாங்கிக்கொண்டுதான் விடுவார்கள். பல ஜாக்பாட்களுக்கு அதிகபட்சப் பந்தயம் கட்டினால்தான் தகுதி. ₹10 கட்டி ஆண்டு முழுக்கக் காத்திருப்பவருக்கு அது விழவே விழாது. ஒரே பெயரிலுள்ள ஆட்டத்தை 96, 94, 88 என்று வெவ்வேறு விகிதத்தில் தயாரித்துக் கொடுப்பார்கள். எதை வைப்பது என்பது தளம் நடத்துகிறவர் முடிவு. ஆட்டத்தின் உள்ளே இருக்கும் உதவிப் பக்கத்தில் போட்டிருப்பதுதான் அந்தத் தளத்துக்கான எண், யூடியூபில் சொல்வது அல்ல.

96 சதவீதம் என்பதும் கோடிக்கணக்கான சுற்றுகளின் சராசரி. அந்தச் சராசரியின் பெரும்பங்கு எங்கோ விழும் சில பெரிய பரிசுகளுக்குள் இருக்கிறது. அதனால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஆடும் பத்துப் பேரில் பெரும்பாலோர் 96-க்குக் கீழேதான் எழுவார்கள்.

கணக்கை நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. வீட்டில் யாராவது ஆடுகிறார்கள் என்றால் திட்டுவதற்கு முன் ஒரு பழைய நோட்டில் பற்று, வரவு என்று இரண்டு பத்திக்குக் கோடு போடுங்கள். ஜிபே, போன்பே அறிக்கையிலிருந்து தளத்துக்குப் போன ஒவ்வொரு தொகையையும் தேதியோடு பற்றில் எழுதுங்கள். வங்கிக்குத் திரும்பி வந்ததை மட்டும் வரவில் எழுதுங்கள். ஆப்புக்குள் காட்டும் "வாலட்" தொகையை வரவாக எழுதக் கூடாது. அது கைக்கு வராத காசு. பற்றுப் பத்தியில் ஒரே ராத்திரியில் ₹200, ₹500, ₹500, ₹1,000 என்று பத்து நிமிட இடைவெளியில் ஏறிக்கொண்டே போவது தெரியும். விட்டதைப் பிடிக்கத் தொடங்கிய நேரம் அதுதான்.

சட்டத்தின் நிலையும் தெரிந்திருக்க வேண்டும். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ₹1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கும் தண்டனை உண்டு. ஆடுகிறவரைத் தண்டிக்கும் பிரிவு அந்த மத்தியச் சட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டின் 2022 சட்டத்திலோ ஆன்லைன் சூதாடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது ₹5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. ஆக இன்று டெலிகிராமில் லிங்க் வந்து இறங்கும் ஸ்லாட் ஆப் எதுவும் எந்தச் சோதனைக்கூடத்துக்கும் நம் ஊர் அதிகாரிக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதில் போட்டிருக்கும் 96 சதவீதம் வெறும் எழுத்து. மேலே போட்ட கணக்கெல்லாம் நேர்மையான ஸ்லாட்டுக்கு. இவற்றில் முதல் நாள் ₹300 எடுக்க விடுவார்கள். தொகை பெரிதானதும் "வரி கட்டினால்தான் விடுவிப்போம்" என்று இன்னொரு கணக்குக்குப் பணம் கேட்பார்கள்.

லாட்டரியிலும் இதே வித்தை உண்டு. கேரள லாட்டரிக்கு ஆன்லைன் விற்பனை கிடையாது. சீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி "உங்களுக்காக எடுத்து வச்சிருக்கேன்" என்பவரிடம் பணம் கட்டினால், ஒரே படம் பத்துப் பேருக்குப் போயிருக்கலாம். நிஜச் சீட்டு அவர் கையில். பரிசு அசல் காகிதச் சீட்டுக்குத்தான். எல்லை தாண்டி வாங்குகிறவர் வாங்கின உடனே பின்பக்கத்தில் பெயர், முகவரி, கையெழுத்துப் போட்டு இருபக்கமும் நகல் எடுத்து வைக்க வேண்டும். முடிவைக் கேரள அரசிதழோடு ஒத்துப் பார்த்து 30 நாளுக்குள் கோர வேண்டும். வெளிமாநிலத்தவர் நோட்டரி சான்றும் கொடுக்க வேண்டும். கூட்டாகப் பங்கு போட்டு வாங்கினால், குலுக்கலுக்கு முன்பே யார் யாருக்கு எவ்வளவு என்று சீட்டு எண்ணோடு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவது நல்லது. விழுந்த பிறகு எழுதச் சொன்னால் அண்ணன் தம்பிக்குள்ளேயே பேச்சு நின்றுபோகும்.

பணம் ஏமாந்து போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் உதவும். அழைக்கும்போது பணம் போன தேதி, நேரம், தொகை, யூ.பி.ஐ. ஐடி, வங்கிக் குறுஞ்செய்தியில் வரும் பரிவர்த்தனை எண் எல்லாம் கையில் இருக்கட்டும். ஆப்பை அழிக்காதீர்கள், உரையாடலையும் வாலட் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆட்டத்தை விட முடியவில்லை, தூக்கம் போய்விட்டது என்ற நிலையில் இருப்பவருக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் இலவசம். தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.